பூட்டிக் கிடக்கும் மாடிகள்: வாசகர் கேள்வி – பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தின் நடுவே நாம் இன்னும் கிரே ஸ்ட்ரீட், விக்டோரியா ஸ்ட்ரீட், குயீன் ஸ்ட்ரீட் என்றே சொல்லிவரும் தெருக்களில் (இன்றைய பலகைகளில் டாக்டர் யூசுஃப் டாடூ, பெர்த்தா ம்கீஸே, டெனிஸ் ஹர்லி) கீழே கடை நடக்கிறது, மேலே மாடி பூட்டிக் கிடக்கிறது. சில இடங்களில் கடையும் மூடியாயிற்று. இந்தக் கட்டடங்களைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். சொத்துப் பதிவு, பழைய கட்டடப் பராமரிப்பு, மரபுரிமைச் சட்டம் ஆகியவற்றில் வேலை செய்பவர்கள் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): கிரே ஸ்ட்ரீட் பக்கம் எங்கள் கொள்ளுத்தாத்தா வாங்கிய மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. பத்திரம் இன்றும் அவர் பெயரில்தான். அவருடைய பிள்ளைகள் யாரும் இப்போது இல்லை. பேரப்பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்க், லண்டன், பெர்த் என்று சிதறிவிட்டார்கள். சித்தப்பா விற்கலாம் என்கிறார், அத்தை கூடவே கூடாது என்கிறார். வாங்க வந்தவர்கள் பத்திரத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: விற்பதா வைத்திருப்பதா என்ற பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். இன்றைய நிலையில் உங்கள் குடும்பத்தில் யாருக்கும் விற்கவும் உரிமை இல்லை, வங்கியில் வைத்துக் கடன் வாங்கவும் உரிமை இல்லை, திருத்தி அமைக்க விண்ணப்பம் போடவும் உரிமை இல்லை. சொத்து ஒரு இறந்தவர் பெயரில் நிற்கிறது. இந்தத் தெருக்களில் பாழாகும் கட்டடங்களில் பலவற்றின் கதை இதுதான். பணம் இல்லாததைவிட, கையெழுத்துப் போட ஆள் இல்லாததுதான் அவற்றை முதலில் முடக்குகிறது.

முதல் வேலை, பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் சொத்தின் இன்றைய நிலையைத் தேடி எடுப்பது. எர்ஃப் எண்ணை (மனை எண்) கொடுத்தால் போதும். பழைய அடமானம் ரத்தாகாமல் நிற்கிறதா, யாராவது தடை போட்டிருக்கிறார்களா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது, கொள்ளுத்தாத்தாவின் எஸ்டேட், அதாவது அவர் இறந்தபோது விட்டுப்போன சொத்து, கடன் மொத்தமும். இறந்தவர் சொத்துகளை மேற்பார்க்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் அது எப்போதாவது பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பதிவானால் பழைய கோப்பு எண் கிடைக்கும். பதிவாகவில்லை என்றாலும் காலம் கடந்துவிட்டது என்று யாரும் மறுக்க முடியாது, இன்றும் பதியலாம். மரண அறிவிப்புக்கு J294, சொத்துப் பட்டியலுக்கு J243, வாரிசுகள் பற்றிய உறுதிமொழிக்கு J192, பொறுப்பேற்புக்கு J190 படிவங்கள். எஸ்டேட்டின் மதிப்பு 2,50,000 ரேண்டுக்குள் இருந்தால் சுருக்கமான அதிகாரக் கடிதம் போதும். அதற்கு மேல் போனால் முறையான எக்சிக்யூட்டர் (எஸ்டேட்டை நிர்வகித்துப் பங்கிடுபவர்) நியமனம் வேண்டும். நகர நடுவே நிற்கும் கட்டடம் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான்.

இங்கே இரண்டு இடங்களில் நம் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. ஒன்று, பெயர். பத்திரத்தில் ஒரு எழுத்துக்கூட்டு, மரணச் சான்றிதழில் இன்னொன்று, கொள்ளுத்தாத்தா ஒப்பந்தத் தொழிலாளியாக வந்திருந்தால் கப்பல் பட்டியலில் மூன்றாவது. நாயுடு, நாயடு, பிள்ளை, பில்லே என்று ஆங்கில எழுத்தில் எத்தனை விதம்! மூவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். கப்பல் பட்டியலில் தகப்பனார் பெயர், ஊர், ஒப்பந்த எண் எல்லாம் இருப்பதால் அதன் நகல் நல்ல ஆதாரம். வீட்டில் காலனி அரசு கொடுத்த பழைய எண் சீட்டு இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, திருமணம். கோயிலில் தாலி கட்டி, அரசிடம் பதியாமல் விட்ட திருமணங்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம். அதைக் காட்டி விதவைக்குப் பங்கு இல்லை என்று இன்றும் சிலர் வாதாடுகிறார்கள். ஒருதார இந்து மத முறைத் திருமணத்தில் உயிரோடிருக்கும் துணையும் வாரிசுரிமைச் சட்டப்படி 'துணை'தான் என்று டர்பன் உயர் நீதிமன்றம் 2008இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எந்தக் காலத்து மரணமோ அந்தக் காலத்துச் சட்டப்படியே பங்கு கணக்காகும். ஆகவே கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா என்று ஒவ்வொரு மரணத்துக்கும் தனித்தனி எஸ்டேட்டாகக் கணக்கெடுங்கள். பதிவும் பொதுவாக அந்த வரிசையில்தான் நடக்கும். சட்டம் சில இடங்களில் படியைத் தாண்ட விடுகிறது. எந்தப் படியைத் தாண்டலாம் என்பதைப் பத்திரப் பதிவு வழக்கறிஞர் சொல்வார். செலவில் பெரிய வித்தியாசம் வருவது அங்கேதான்.

மூன்றாவது, நகராட்சிப் பாக்கி. முனிசிபல் சிஸ்டம்ஸ் சட்டத்தின் 118ஆம் பிரிவுப்படி, விண்ணப்பித்த நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுப் பாக்கியைக் கட்டினால்தான் சொத்தை மாற்றிப் பதியத் தேவையான கிளியரன்ஸ் சான்றிதழ் கிடைக்கும். அது 60 நாள் மட்டுமே செல்லும். அந்த இரண்டு ஆண்டுக்கும் முந்தைய கடன் சொத்தின் மேல் பாரமாக நிற்கலாம், ஆனால் புதிய உரிமையாளரிடம் அதை வசூலிக்க முடியாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2017இல் தீர்த்துவிட்டது. வாங்க வருபவர்களுக்கு இது தெரிந்தால் பாதி பயம் போகும். தண்ணீர், மின்சாரக் கட்டணக் கடன் 3 ஆண்டில் காலாவதியாகும், சொத்துவரிக்கோ 30 ஆண்டு. பில்லில் இரண்டையும் கலந்து ஒரே தொகையாகக் காட்டியிருந்தால் பிரித்துத் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கேட்காமல் பாக்கியை ஒப்புக்கொண்டு தவணைக்குக் கையெழுத்துப் போட்டால் காலாவதியான கடனுக்கும் மறுபடி உயிர் வந்துவிடும் ஆபத்து உண்டு.

சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் நடுவே என்ன செய்வது? கூட்டு உரிமையில் யாரையும் காலமெல்லாம் கட்டிப்போட முடியாது. கூட்டுரிமையை முடித்துவைக்கும்படி எந்தப் பங்காளியும் நீதிமன்றம் போகலாம், நீதிமன்றம் விற்றுப் பங்கிடச் சொல்லலாம். அப்படிப் போனால் ஏலத்தில் அடிமாட்டு விலைதான் கிடைக்கும். மதிப்பீட்டாளர் ஒருவரை இரு தரப்பும் சேர்ந்து நியமித்து, வைத்துக்கொள்ள விரும்பும் அத்தை மற்றவர்கள் பங்கை வாடகை வருமானத்திலிருந்து வாங்கிக்கொள்ளும்படி எழுதிக்கொள்வதே நாங்கள் சொல்லும் வழி. அதுவரை வாடகை தனி வங்கிக் கணக்கில் போகட்டும். யாராவது ஒருவர் கையில் போனால் சண்டை கட்டடத்தை விட்டு வாடகைக்குத் தாவிவிடும்.

கேள்வி (பீனிக்ஸ்): எங்கள் கட்டடத்தின் மாடியில் மழைக்குச் சீலிங் விழுகிறது. முன்சுவரின் பூச்சு உப்பிப் பெயர்கிறது. ஒப்பந்தக்காரர் எல்லாவற்றையும் கொத்திவிட்டு சிமெண்ட் பூசி, வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் சரியாகும் என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். இந்த ஒரு வேலை எத்தனை நல்ல சுவர்களைக் கெடுத்திருக்கிறது என்பதை நினைத்தால் மனம் வேகிறது.

1940க்கு முந்தைய இந்தச் சுவர்களில் பெரும்பாலானவை மென்மையான செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். ஈரம் உள்ளே போகும், வெயிலில் வெளியே வந்துவிடும். மேலே சிமெண்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயிண்டும் போட்டால் ஈரம் வெளியேற வழியில்லை. உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, செங்கல் மாவாக உதிரும். இரண்டு மூன்று மழைக்காலம் நன்றாகத்தான் இருக்கும். பிறகு சிமெண்ட் பலகை பலகையாகக் கழன்று விழும், செங்கல்லின் முகத்தையும் கூடவே பிய்த்துக்கொண்டு.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மழை பெய்யும்போதே மேலே ஏறிப் பார்க்க வேண்டும், மறுநாள் போனால் பாதி தெரியாது. இந்தத் தெருக்களின் முகப்பு அமைப்பு அநேகமாக ஒன்றுதான். தெருப் பக்கம் உயர்ந்த கைப்பிடிச் சுவர், அதில் குடும்பப் பெயரும் கட்டிய ஆண்டும். அதன் பின்னால் ஒளிந்தாற்போல் ஒரு பெட்டிக் கட்டர் (மழைநீர் ஓடும் பெட்டி வடிவத் தொட்டி). நெளித் தகரக் கூரையின் தண்ணீர் முழுவதும் அந்தக் கட்டரில் விழுந்து ஒன்றிரண்டு டவுன்பைப்பில் இறங்க வேண்டும். புறா எச்சமும் கூட்டுக் குச்சியும் அந்த வாயை அடைத்துக்கொண்டால் கட்டர் நிரம்பி, தண்ணீர் சுவரின் தலைக்குள் இறங்கும். மாடிச் சீலிங் விழுவது, முகப்புப் பூச்சு உப்புவது, கீழே கடையின் பலகையோரம் கறை இறங்குவது, மூன்றுக்கும் காரணம் இந்த ஒரு முழம் அடைப்பாக இருக்கலாம்.

சுத்தம் செய்தபின் மூன்று திருத்தங்கள் செய்யுங்கள். கட்டரின் சரிவு 200க்கு 1க்குக் குறையாமல் இருக்கட்டும். டவுன்பைப் அளவுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: ஒரு சதுர மீட்டர் கூரைக்கு 100 சதுர மில்லிமீட்டர் வாய். 100 சதுர மீட்டர் கூரைக்கு 110 மில்லிமீட்டர் குழாய் ஒன்று ஏறக்குறையச் சரியாகும். ஆனால் இரண்டாகப் போடுங்கள், ஒன்று அடைத்தால் மற்றது காக்கும். மூன்றாவதுதான் எல்லாரும் விடுவது. கட்டரின் மேல்விளிம்புக்கு 50 மில்லிமீட்டர் கீழே, கைப்பிடிச் சுவரைத் துளைத்து வெளியே நீட்டிய ஒரு குழாய் வையுங்கள். உள்ளே அடைத்தால் தண்ணீர் அதன் வழியே தெருவில் கொட்டும். கடைக்காரர் கூப்பிட்டுச் சொல்வார், அதுவே உங்களுக்கு எச்சரிக்கை.

சுவரில் முளைத்த அத்திக் கன்றை இழுத்துப் பிடுங்காதீர்கள். வேர் சாந்துக்குள் பல அடி போயிருக்கும், பிடுங்கினால் செங்கல் வரிசையே வரும். வெட்டிய உடனே, வெட்டுவாய் காயும் முன் களைக்கொல்லி பூசி, வேர் செத்தபின் அந்த இடத்துச் செங்கல்லை எடுத்துச் சுண்ணாம்பில் திரும்பக் கட்டுங்கள்.

கசிவு நின்றபின் பொறுமை வேண்டும். நனைந்த சுவர் காய 25 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு மாதம் என்பது பழகிய கணக்கு. 230 மில்லிமீட்டர் சுவருக்கு ஒன்பது மாதம். அதற்குள் பூசினால் எந்தப் பூச்சும் நிற்காது. பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு கழுவிய சொரசொரப்பான மணல். கடல் மணல் ஆகவே ஆகாது, உப்பை நீங்களே காசு கொடுத்து உள்ளே ஏற்றுவதாகும். மூட்டையில் வரும் சுண்ணாம்பைச் சில நாள் தண்ணீரில் ஊறவைத்துக் களியாக்கிக் கலந்தால் நன்றாகப் பிடிக்கும். ஒரு பூச்சு 10 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றையும் ஒரு வாரம் சாக்குத் தொங்கவிட்டு ஈரமாக வைத்திருங்கள். டர்பன் வெயிலில் சாக்கில்லாமல் விட்டால் மறுநாளே வெடிப்பு விழும். மேலே சுண்ணாம்பு வெள்ளை, அல்லது மூச்சுவிடும் சிலிக்கேட் வண்ணம்.

கடை முகப்புக்கு மேலே சாந்து வரி நெடுக ஒரே கிடைக்கோட்டில் விரிசல் ஓடினால் அது ஈரம் மட்டுமல்ல. உள்ளே இருக்கும் இரும்பு உத்தரம் கடற்காற்றில் துருப்பிடித்து, துரு பல மடங்கு வீங்கிச் செங்கல்லைத் தூக்குகிறது. பூசி மறைக்க வேண்டாம். ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரை அழைத்து, முட்டுக் கொடுத்து, திறந்து பாருங்கள்.

மாடித் தரையையும் பாருங்கள். ஜன்னலோரம், படிக்கட்டின் கீழ் மஞ்சளும் பழுப்புமாய், கசகசா அளவுக்குச் சின்னச் சின்ன மணிகள் குவிந்திருக்கிறதா? ஒன்றை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஆறு பட்டை தெரியும். உலர்மரக் கரையானின் எச்சம் அது. மண்ணோடு தொடர்பே இல்லாமல் மரத்துக்குள்ளேயே வாழும் மேற்கிந்தியத் தீவுக் கரையான் டர்பனில் நெடுங்காலமாகக் குடியிருக்கிறது. அஸ்திவாரத்தில் மருந்து ஊற்றுவது இதற்குப் பயன்படாது. மரத்தைக் கட்டடத்தோடு மூடிப் புகையூட்ட வேண்டும், அல்லது துளையிட்டு மருந்து செலுத்த வேண்டும். பர்மாத் தேக்கு ஜன்னலை அது எளிதில் தொடாது, பைன் தரைப் பலகையைத்தான் தின்னும். ஆகவே எல்லா மரத்தையும் கழற்றி எறியச் சொல்பவரிடம் தேக்கை ஒப்படைத்துவிடாதீர்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): எங்கள் கடை 1964இல் கட்டியது. அழகான கட்டடமும் இல்லை, மரபுச் சின்னம் என்று யாரும் பலகை வைக்கவும் இல்லை. இதற்கும் அனுமதி வேண்டுமா?

பதில்: வேண்டும். 1999ஆம் ஆண்டின் 25ஆம் எண் தேசிய மரபுரிமை வளச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, 60 ஆண்டு கடந்த எந்தக் கட்டுமானத்தையும் மாகாண மரபுரிமை அமைப்பின் அனுமதியின்றி மாற்றவோ இடிக்கவோ கூடாது என்கிறது. அழகு, பலகை எதுவும் அங்கே கணக்கில் இல்லை. இந்த 60 நகர்ந்துகொண்டே இருக்கும் கணக்கு: 1964 கட்டடம் 2024இல் அதற்குள் வந்துவிட்டது. குவாசூலு–நட்டாலில் அனுமதி தருவது உங்கள் ஊரிலேயே இருக்கும் அமாஃபா என்ற மாகாண அமைப்பு. 'மாற்றுதல்' என்பதில் பெயிண்ட் அடிப்பதும் பூசுவதும்கூட அடங்கும், 'கட்டுமானம்' என்பதில் பொருத்தப்பட்ட சாமான்களும் அடங்கும். எனவே தேக்குக் கதவைக் கழற்றி விற்பதும் மாற்றுதல்தான்.

விண்ணப்பம் சாரிஸ் (SAHRIS) என்ற மரபுரிமை இணையதளம் வழியே போகும். உரிமையாளர் சான்று, எல்லாப் பக்கத்துப் புகைப்படங்கள், இருக்கும் நிலையின் வரைபடம், செய்யப்போவதன் வரைபடம், கட்டட வரலாறு, காரண விளக்கம், கட்டணம். இடிப்பு என்றால் அக்கம்பக்கத்தார் கருத்தும் பொது அறிவிப்பும். வரைபடத்தில் இருப்பது சாம்பல் நிறம், புதிய செங்கல் வேலை சிவப்பு, புதிய கான்கிரீட் பச்சை, புதிய மரம் மஞ்சள், இரும்பு நீலம், இடிப்பது புள்ளிக்கோடு. வண்ணம் தப்பினால் கோப்பு திரும்பி வரும், ஒரு மாதம் போய்விடும். கட்டிய ஆண்டுக்கு நகராட்சியின் பழைய கட்டட வரைபடம் சிறந்த ஆதாரம். அது கிடைக்காவிட்டால் டர்பன் கில்லி கேம்ப்பெல் நூலகத்தில் பழைய நட்டால் டைரக்டரிகளைப் பாருங்கள்.

அமாஃபா அனுமதி முதலில், நகராட்சி பிளான் பிறகு. 500 சதுர மீட்டருக்குக் கீழான பிளானுக்கு நகராட்சி 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும், அதற்கு மேல் 60 நாள். கிடைத்த பிளான் 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் செல்லாது. பணமும் பத்திரமும் கைக்கு வருமுன் பிளான் வாங்கிவைப்பதில் பயன் இல்லை.

அனுமதியில்லாமல் ஞாயிற்றுக்கிழமை மெஷின் வைத்து இடித்துவிட்டு அபராதம் கட்டிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால், மரபுரிமை வளச் சட்டத்தின் 51ஆம் பிரிவைக் காட்டுங்கள். தண்டனை பெற்ற உரிமையாளரின் இடத்தில் 10 ஆண்டு வரை எந்தக் கட்டுமானமும் கூடாது என்று உத்தரவிட முடியும்.

கேள்வி (டொங்காட்): எங்கள் கோயிலடிப் பழைய மரமும் தகரமுமான மண்டபத்தை எடுத்துவிட்டு கான்கிரீட் மண்டபம் கட்டக் கமிட்டி தீர்மானித்திருக்கிறது. கோயில் சொத்துக்கும் இந்தச் சட்டம் உண்டா?

பதில்: உண்டு, 60 ஆண்டு கடந்திருந்தால். தோட்டக்காட்டுக் காலத்து மரத்தகர மண்டபங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டன. தமிழ்ப் பள்ளியும், திருமணமும், துக்கமும் அவற்றில்தான் நடந்தன. புதிய மண்டபத்தைப் பக்கத்தில் கட்ட இடமிருக்கிறதா என்று கமிட்டிப் பெரியவர்கள் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்கிறோம். தகரம் மாற்றி, தரையைத் தொடும் மரத்தூண்களின் அடியை மட்டும் வெட்டி இணைத்தால் பல மண்டபங்கள் நிற்கும். செலவு புதிய மண்டபத்தில் ஒரு சிறு பங்குதான்.

கேள்வி (இசிபிங்கோ): பழைய கட்டடத்தின் பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பாசியைப் பிரஷர் மெஷினால் கழுவலாமா?

பதில்: கழுவவே கூடாது. நார் காற்றில் பறக்கும், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலும் இறங்கும். துளையிடுவதும் அறுப்பதும் அப்படியே. 2020 ஆஸ்பெஸ்டாஸ் ஒழிப்பு விதிகளின்படி பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர்தான் எடுக்க வேண்டும், தொழிலாளர் துறைக்கு முன்னறிவிப்பும் எழுதிய வேலைத் திட்டமும் வேண்டும். உடையாத ஷீட் தொடாமல் விட்டால் உடனடி ஆபத்தில்லை.

கேள்வி (டர்பன் நகரம்): எங்கள் கடைக்கு அடுத்த நான்கு மாடிக் கட்டடத்தை உரிமையாளர் கைவிட்டுவிட்டார். தண்ணீர் இல்லை, கரண்ட் திருட்டுக் கம்பி, ஒவ்வொரு அறையிலும் குடும்பங்கள். யாரோ வாடகை வாங்குகிறார்கள். நகராட்சி இவர்களைக் காலி செய்ய வைக்க என்ன செய்வது?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஆனால் காலி செய்வதை முதலில் கேட்டால் ஆண்டுக்கணக்கில் எதுவும் நகராது. தீ ஆபத்தை முதலில் கேளுங்கள்.

ஜோகன்னஸ்பர்க் ஆல்பர்ட் தெருவில் உசிந்திசோ கட்டடம் 2023 ஆகஸ்ட் 31 அதிகாலை தீப்பற்றி 76 பேர் இறந்தார்கள். ஒரு காலத்தில் கறுப்பின மக்களுக்கு, நகரத்தில் நடமாட அவர்கள் வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகம் கொடுத்த அலுவலகம் அது. கட்டடம் நகராட்சிக்கே சொந்தம். பூட்டிய கேட்டுகளும், உள்ளே அட்டையும் பலகையும் கொண்டு தடுத்த அறைகளும் ஆட்களைத் தப்பவிடவில்லை. உங்கள் பக்கத்துக் கட்டடத்திலும் மாடிப்படி திறந்திருக்கிறதா, பின்வாசல் வெல்டிங் செய்யப்பட்டிருக்கிறதா என்பதுதான் இன்று இரவே முக்கியம்.

தீயணைப்புத் துறைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். தேதியிட்ட படங்களோடு படிக்கட்டு, கம்பி, கேஸ் சிலிண்டர் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். அதே நாளில் எத்தெக்வினி (டர்பன்) நகராட்சியின் 2015 பிரச்சினைக் கட்டட உபவிதியின் கீழ் இன்னொரு புகார். கைவிடப்பட்டது, நெரிசல், குப்பை, சுகாதாரக் கேடு ஆகியவை அதில் தனித்தனிக் காரணங்கள். உரிமையாளர் பெயரைப் பத்திரப் பதிவகத்தில் எடுத்து இணையுங்கள். ஆளைத் தேட வேண்டும் என்ற சாக்கு அப்போது இல்லாமல் போகும். புகார் எண் இல்லாமல் திரும்பாதீர்கள்.

காலி செய்வது பற்றி: நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் வீட்டிலிருந்து வெளியேற்ற அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு விடாது. அப்படி வெளியேற்றுவது 1998ஆம் ஆண்டின் 19ஆம் எண் சட்டவிரோத வெளியேற்றத் தடைச் சட்டப்படி குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. விசாரணைக்கு 14 நாள் முன்னதாகக் குடியிருப்போருக்கும் நகராட்சிக்கும் அறிவிப்புப் போக வேண்டும். நகராட்சி குடியிருப்போரோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று 2008இல் ஒலிவியா ரோடு வழக்கிலும், தனியார் வெளியேற்றினாலும் வீடற்றுப் போவோருக்கு நகராட்சியே தற்காலிக இடம் தர வேண்டும் என்று 2011இல் ப்ளூ மூன்லைட் வழக்கிலும் அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாற்று இடம் இல்லாததால்தான் பல வழக்குகள் கிடப்பில் கிடக்கின்றன. அங்கே இருப்பவர்களிலும் பலர் மாதாமாதம் வாடகை கொடுத்து ஏமாறுபவர்கள். தண்ணீர்க் குழாய், தீயணைப்புக் கருவி, குப்பை வண்டி மூன்றையும் அவர்களோடு சேர்ந்து கேட்டால் உங்கள் கடைக்கும் பாதுகாப்பு, அவர்களுக்கும் உயிர்ப் பாதுகாப்பு.

கேள்வி (ஸ்டேங்கர்): நகர நடுவைச் சீரமைக்கப் போகிறோம் என்று பெரிய படம் போட்டு அறிவிக்கிறார்கள். ஆண்டுகள் போகின்றன, எதுவும் எழவில்லை. ஏன்?

பதில்: ஒரே காரணம் இல்லை. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம், தொழில் செய்யலாம் என்று பிரித்த 1950 குழுப் பகுதிகள் சட்டத்துக்குப் பின் கிரே ஸ்ட்ரீட் வட்டாரம் யாருக்கு என்று தீர்மானிக்காமலே நீண்ட காலம் இழுத்தார்கள். நாளை பிடுங்கிக்கொள்ளப்படலாம் என்ற இடத்தில் யார் கூரை மாற்றுவார்கள்? அந்தத் தலைமுறையில் விட்ட பராமரிப்பின் பாக்கிதான் இன்று விழும் சீலிங். பிறகு அலுவலகங்கள் உம்ஹ்லாங்கா பக்கம் போயின. கேட்வே மால் 2001இல் திறந்தது. 2021 ஜூலைக் கலவரம், 2022 ஏப்ரல் வெள்ளம், இரண்டும் மேலே விழுந்தன.

திட்டங்கள் தரையில் நிற்காததற்குப் பெரிய காரணம் அளவு. ஒரு தெருக்கட்டு முழுவதையும் ஒரே கையில் சேர்த்துக் கட்டுவதாகப் படம் போடுவார்கள். முதல் பதிலில் சொன்னதுபோல் பல பத்திரங்கள் இறந்தவர் பெயரில் இருக்கும், சேர்க்க முடியாது. சேர்த்தாலும் கழிவுநீர், மின்சாரத் திறன் போதாது. நகராட்சி நிலம் என்றால் மூன்று ஆண்டைத் தாண்டும் ஒப்பந்தத்தை கவுன்சில் கூட்டத்துக்கு 60 நாள் முன் வெளியிட்டு மக்கள் கருத்துக் கேட்க வேண்டும். அதைத் தவிர்க்கப் பார்த்து வழக்கில் மாட்டிக்கொள்வதும் உண்டு. இதற்கிடையே 'எப்படியும் இடிக்கப் போகிறார்கள்' என்று உரிமையாளர்கள் கட்டரைக்கூடச் சுத்தம் செய்வதை நிறுத்திவிடுகிறார்கள். அறிவித்து நிறுத்திய திட்டம், அறிவிக்காத திட்டத்தைவிட அதிகக் கட்டடங்களைக் கொல்கிறது என்று உறுதியாகச் சொல்வோம்.

வார்விக் சந்திப்பின் ஏர்லி மார்னிங் மார்க்கெட்டை எல்லாருக்கும் தெரியும். நம் காய்கறித் தோட்டக்காரர்கள் வளர்த்த சந்தை. 2009இல், உலகக் கோப்பைக்கு முந்தைய ஆண்டு, அதை இடித்து மால் கட்ட நகராட்சி முனைந்தது. வியாபாரிகள் எதிர்த்தார்கள், லீகல் ரிசோர்சஸ் சென்டர் என்ற பொதுநல வழக்கறிஞர் அமைப்பு வழக்கில் நின்றது, தெரு வியாபாரிகளோடு வேலை செய்யும் அசியே எட்டஃபுலேனி அமைப்பு மாற்று யோசனைகளோடு துணை நின்றது. மால் கைவிடப்பட்டது, சந்தை இன்றும் நடக்கிறது. நாளுக்குச் சுமார் 4,60,000 பயணிகள் கடக்கும் இடத்தில் கீரைக்கட்டு விற்பவர் வேண்டாதவர் ஆகிவிட முடியாது.

நீங்கள் செய்யக்கூடியது: 5,000 சதுர மீட்டருக்கு மேல் நிலத்தை மாற்றும் திட்டத்துக்கும், மூன்றோ அதற்கு மேலோ எர்ஃப்களைத் தொடும் அத்தகைய திட்டத்துக்கும் மரபுரிமை வளச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி மரபுரிமை ஆய்வு உண்டு. அதில் அக்கறையுள்ள தரப்பாகப் பெயர் பதியுங்கள். ஒப்பந்த நகலைத் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். 'மரபைக் காப்பாற்றுங்கள்' என்று எழுதும் கடிதத்துக்குப் பதில் வராது. எந்த எர்ஃப், எந்த ஆண்டுக் கட்டடம், எத்தனை கடைக்காரர், மாற்று ஏற்பாடு என்ன என்று கேட்கும் கடிதத்துக்கு வரும்.

கேள்வி (உம்ஹ்லாங்கா): எஸ்டேட் முடிய இரண்டு ஆண்டு ஆகுமாம். அதுவரை காலிக் கட்டடத்தை எப்படிப் பூட்டி வைப்பது? ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைக்கச் சொல்கிறார்கள்.

பதில்: செங்கல் வைத்து அடைத்தால் திருடன் வராமல் இருக்கலாம், பூஞ்சை வந்துவிடும். டர்பன் ஈரக்காற்றில் மூடிய அறை ஒரு கோடையில் பச்சை பிடிக்கும். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை வெளியே வைத்து, உள்ளே குறுக்குச் சட்டம் கொடுத்து, இரண்டையும் நீளப் போல்ட்டால் இறுக்குங்கள். நட்டு உள்பக்கம் இருக்கட்டும். ஜன்னல் சட்டத்தில் ஆணி அடிக்கவே வேண்டாம். ஒவ்வொரு பலகையிலும் மேலும் கீழுமாகக் காற்றுத் துளைகள், உள்பக்கம் கொசுவலைக் கம்பி. உள்கதவுகள் எல்லாம் திறந்தே கிடக்கட்டும்.

தண்ணீரை மீட்டரிலேயே நிறுத்தி, குழாய்களைத் திறந்து வடித்துவிடுங்கள். செப்புக் குழாய் திருடர்கள் வெட்டும்போது வால்வு திறந்திருந்தால் திருட்டைவிட வெள்ளம் பெரிய நஷ்டம். மின்சாரத்தைத் தகுதியுள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு துண்டியுங்கள். அறை அறையாக, கதவு கைப்பிடி, படிக்கட்டுக் கம்பி, வண்ணக் கண்ணாடி வரை படம் எடுத்து வையுங்கள். மாதம் ஒருமுறையும், பெருமழைக்கு மறுநாளும் ஒருவர் உள்ளே போய்ப் பார்த்துத் தேதியோடு எழுத வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது கட்டர்.

முழுக் காலியாக விடுவதைவிட ஒரு காவல் குடும்பத்தையோ கீழே சிறு கடையையோ எழுதிய ஒப்பந்தத்தோடு வைப்பது எப்போதும் நல்லது. ஒப்பந்தம் எக்சிக்யூட்டர் கையெழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் உட்கார வைத்தால் டர்பன் நகர வாசகர் சொன்ன நான்கு மாடிக் கட்டடத்தின் நிலை உங்கள் கட்டடத்துக்கே வரும்.

இன்சூரன்ஸ் பாலிசியை இன்றே எடுத்துப் படியுங்கள். பல பாலிசிகளில் 30 அல்லது 60 நாள் காலியாகக் கிடந்தால் திருட்டு, தண்ணீர்ச் சேதப் பாதுகாப்பு தானே நின்றுவிடும். காலியாக இருக்கிறது என்று மின்னஞ்சலில் தெரிவித்து, பாதுகாப்புத் தொடர்கிறது என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள். கலவரச் சேதம் சாதாரணப் பாலிசியில் வராது. அதற்கு சாஸ்ரியா என்ற கலவரக் காப்பீடு தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா, பாலிசி யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். இறந்துபோன தாத்தா பெயரிலேயே பிரீமியம் கட்டிக்கொண்டிருந்தால், எக்சிக்யூட்டர் நியமனம் வந்த அன்றே எஸ்டேட்டின் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள்.